மாசி பொறந்தாச்சுன்னா நெருப்பு மூட்றதுக்கு முன்னாடி இதப் படிங்க

வருஷா வருஷம் பொங்கல் முடிஞ்ச கையோட எங்க சித்தி பையன் போன் பண்ணுவான், அண்ணா பசங்களோட ஜவ்வாதுமலைக்குப் போறோம், நைட்டு அங்கயே தங்கறோம், ஒரு ஓரமா சின்னதா கேம்ப் ஃபயர் போட்டுக்கலாமான்னு. நான் அவன்கிட்ட திருப்பி ரெண்டே கேள்விதான் கேப்பேன், எந்த மாசம் போறீங்க, யாரு எடத்துல தங்கறீங்க. நெருப்பு சின்னதா பெருசாங்கறத நான் கேக்கறதே இல்ல, ஏன்னா காட்டுத்தீ எல்லாமே சின்ன நெருப்பாதான் ஆரம்பிக்குது. நம்ம வேலூர் பக்கம் வெட்டவெளில நெருப்பு மூட்றதுக்கு என்னென்ன விதி இருக்கு, ஏன் சில மாசத்துல மட்டும் அவ்ளோ கண்டிஷனா இருக்காங்கன்னு கேட்டா நெறைய பேருக்குத் தெரியல, படிச்சவங்களுக்கும் தெரியல, அதான் உக்காந்து எழுதறேன்.

மொதல்ல நம்ம காடு எப்படிப்பட்ட காடுன்னு பாத்துடலாம். ஜவ்வாதுமலை, ஏலகிரி, அமிர்தி, பாலமதி, பேரணாம்பட்டு தாண்டி ஆந்திரா எல்லை வரைக்கும் போற மலைங்க, இதெல்லாம் பெரும்பாலும் இலையுதிர் காடு, கீழ முள்ளுக்காடு. ஐப்பசி கார்த்திகைல மழை பேஞ்சு புல்லு இடுப்பு உயரம் வளந்து நிக்கும். தை வரைக்கும் பனி அத ஈரமா வெச்சிருக்கும். சிவராத்திரியோட பனி சிவசிவான்னு போயிடும்னு பெரியவங்க சொல்வாங்கல்ல, அது போச்சுன்னா பதினஞ்சு நாள்ல புல்லு எல்லாம் வைக்கோலாயிடும், மரங்க இலைய கொட்டிட்டு மொட்டையா நிக்கும், நடந்தா சருகுல கால் புதையும். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி பாதி வரைக்கும், அதாவது பிப்ரவரி நடுவுலருந்து மே கடைசில கோடைமழை நல்லா எறங்கற வரைக்கும், இதுதான் நமக்கு தீ சீசன். வேலூர் வெயில பத்தி நான் சொல்லவே வேணாம், ஏப்ரல்லயே 40 டிகிரி தாண்டிடும், அப்பறம் மே 4-லருந்து 28 வரைக்கும் அக்னி நட்சத்திரம் வேற.

இதுல ஒரு விஷயம் நெறைய பேரு ஏமாறது. காலைல ஏழு மணிக்கு போய் தொட்டுப் பாத்தா புல்லு ஈரமா இருக்கும், அட இது எங்க பத்திக்கப்போகுதுன்னு நெனைப்போம். காஞ்ச புல்லுக்கு உயிர் கெடையாது, அது வேர்லருந்து தண்ணி எடுக்காது, காத்துல எவ்ளோ ஈரம் இருக்கோ அதுதான் அதுக்குள்ளயும் இருக்கும். மெல்லிசா இருக்கறதால வெயில் ஏறி ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரத்துல மொத்த ஈரமும் போயிடும். காலைல ஈரமா இருந்த அதே புல்லு பதினோரு மணிக்கு பீடி துண்டு பட்டாலே பத்திக்கும். பெரிய கட்டை அப்படி இல்ல, அது காயறதுக்கு வாரக்கணக்குல ஆகும், ஆனா ஒருதடவ பத்திக்கிச்சுன்னா அணையறதுக்கும் நாள் கணக்குல ஆகும். புல்லுதான் நெருப்ப தூக்கிட்டு ஓடும், கட்டை அத உள்ளுக்குள்ள காப்பாத்தி வெச்சிருக்கும்.

அப்பறம் மலைச்சரிவு. நெருப்புக்கு மேல ஏற்றதுன்னா ரொம்ப ஈஸி, ஏன்னா சூடும் சுவாலையும் மேல சாயும்போது மேல இருக்கற புல்லு நெருப்பு வர்றதுக்கு முன்னாடியே காஞ்சு தயாரா இருக்கும். சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆகும்னு தீயணைக்கறவங்க ஒரு கணக்கு சொல்வாங்க. மத்தியானத்துல காத்தும் அடிவாரத்துலருந்து மேல வீசும். அதனாலதான் மலையடிவாரத்துல மத்தியானம் ஒரு மணிக்கு ஆரம்பிக்கற நெருப்பு ரொம்ப மோசம், மேல ஆளு இருந்தா அவங்களால ஓடி ஜெயிக்க முடியாது.

2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி, ட்ரெக்கிங் போனவங்க காட்டுத்தீல மாட்டிக்கிட்டு 20 பேருக்கு மேல இறந்துட்டாங்க. மாசி மாசக் கடைசி அது. அதுக்கப்பறம்தான் நம்ம மாநிலத்துல ட்ரெக்கிங்குக்கு தனி விதிமுறை வந்துச்சு. இப்போ ட்ரெக் தமிழ்நாடுன்னு வனத்துறையே 2024 அக்டோபர்ல ஆரம்பிச்ச திட்டம் இருக்கு, நம்ம பக்கத்துல ஏலகிரி சுவாமிமலை, ஜலகாம்பாறைலாம் அதுல வருது, அதையும் 2025-ல தீ சீசன்னு சொல்லி பிப்ரவரி நடுவுல மூடி வெச்சாங்க. காசு கட்டி புக் பண்றதையே நிறுத்தறாங்கன்னா எந்த அளவுக்கு பயம் இருக்குன்னு புரிஞ்சுக்கோங்க.

இப்ப சட்டம். நம்ம மாநிலத்துக்கு 1882-ம் வருஷத்து வனச் சட்டம், பழைய மெட்ராஸ் காலத்துது, இன்னமும் அதுதான். அதுல காப்புக்காட்டுக்கு, அதாவது ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்கு, தீ வெக்கறது குத்தம், அது சொல்லவே வேணாம். காப்புக்காட்டுக்கு ஆபத்து வர்ற மாதிரி எங்கயாச்சும் நெருப்பு மூட்றதும் குத்தம், மூட்டுன நெருப்ப அந்த மாதிரி ஆபத்தா அணைக்காம விட்டுட்டு வர்றதும் குத்தம். இந்த மூணாவதுதான் நெறைய பேருக்குத் தெரியாது. பிரியாணி ஆக்கி சாப்ட்டுட்டு அடுப்புல இருக்கற கங்க அணைக்காம விட்டுட்டு வந்தா, காடு எரியலன்னாகூட நீங்க தப்பு பண்ணிட்டீங்க. வனத்துறை அனுமதி இல்லாம காப்புக்காட்டுக்குள்ள நெருப்பு எடுத்துட்டுப் போறதே கூடாது, அது எந்த மாசமா இருந்தாலும் சரி. சரணாலயமா இருந்தா 1972 வனவிலங்கு சட்டத்துல 30-வது பிரிவுன்னு தனியா தீக்குன்னே ஒண்ணு இருக்கு. பேரணாம்பட்டு குடியாத்தம் பக்கத்துக்காரங்க இத ஞாபகம் வெச்சுக்கணும், எல்லைக்கு அந்தப்பக்கம் கவுண்டின்யா சரணாலயம், யானைங்க நடமாடற எடம், நெருப்புக்கு பார்டர்லாம் கெடையாது.

எது காப்புக்காடு எது பட்டா நெலம்னு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. காட்டு எல்லைல வரிசையா கல்லு குவிச்சி நம்பர் போட்ட எல்லைக்கல்லு இருக்கும், ரோட்டோரம்னா போர்டு இருக்கும். ரெண்டும் கண்ணுல படலன்னா மாடு மேய்க்கறவங்கள கேளுங்க, அவங்களுக்கு கல்லுக்கல்லா தெரியும். அவங்களும் சொல்லலன்னா காடுன்னே நெனச்சுக்கோங்க, அதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல. தை மாசக் கடைசில போனா எல்லையோரமா ரோடு மாதிரி ஒரு பட்டை புல்லு இல்லாம செதுக்கி வெச்சிருக்கறத பாக்கலாம், அதுதான் ஃபயர் லைன், தீத்தடுப்புக் கோடு. நெருப்பு வந்தா அங்க எரிய ஒண்ணும் இல்லாம நிக்கணும்னு வெயில்ல நின்னு செதுக்கறாங்க. அந்தக் கோட்டுல உக்காந்து அடுப்பு மூட்றவங்களையும் பாத்திருக்கேன், மனசு எரியுது.

சரி பட்டா நெலத்துல, ரிசார்ட்ல? இங்கதான் நெறைய பேரு சட்டமே இல்லன்னு நெனைக்கறாங்க. அமெரிக்காவுல சில எடத்துல இன்னிக்கு தீ ஆபத்து எவ்ளோன்னு காட்டுக்கு முன்னாடி கலர் கலரா போர்டு இருக்கும், பச்சைன்னா கம்மி, சிவப்புன்னா உச்சம், தடை போட்டுட்டாங்கன்னா சொந்தத் தோட்டத்துலகூட குப்ப கொளுத்த முடியாது. நம்ம ஊர்ல பட்டா நெலத்துக்கு தெனம் அப்படி வந்து யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா அஜாக்கிரதையா நெருப்ப வெச்சு அடுத்தவங்க உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வர்ற மாதிரி நடந்துகிட்டா அது எந்த எடமா இருந்தாலும் குத்தம்தான். புது சட்டம் பாரதிய நியாய சன்ஹிதால 287-வது பிரிவு, 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 2000 ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே. அடுத்தவன் சொத்த நாசம் பண்ணணும்னு வேணும்னே வெச்சா அது வேற, அதுக்கு வருஷக்கணக்குல உள்ள போகணும்.

எங்க மாமா கதைய சொல்றேன், பட்டா நெலத்துல என்ன ஆகும்னு புரியும். ஒடுகத்தூர் பக்கத்துல மலையடிவாரத்துல அவரு கொல்லி, அதாவது நெலம், கரும்பு வெட்டி முடிச்சு சோகை, காஞ்ச தோகை, அப்படியே கெடக்குது, பங்குனி மாசம். வரப்போரமா தென்ன மட்டையும் தேங்கா மட்டையும் குவிச்சு சாயங்காலம் மாமா கொளுத்துனாரு, பொறுப்பாதான் பண்ணாரு, பக்கத்துலயே நின்னாரு, இருட்டுனதும் மேல மண்ணள்ளி மூடிட்டு வந்துட்டாரு. மறுநாள் பதினோரு மணி இருக்கும், நான் அந்தப்பக்கம் போனேன், வெள்ள வெளேர்னு சாம்பல், பொகையே இல்ல, ஆனா கிட்ட போனா மொகத்துல சூடு அடிக்குது. ஒரு குச்சிய எடுத்து மேல் மண்ண ஒதுக்குனேன். உள்ள தேங்கா மட்டை நாரு ஒவ்வொண்ணும் செக்கச்செவேல்னு, காத்து பட்டதும் மூச்சு விடற மாதிரி வெளிச்சமாகி மங்குது, மங்கி வெளிச்சமாகுது. மாமா தூரத்துலருந்து கத்தறாரு, "அது நேத்தே அணைஞ்சி பூட்ச்சிடா, அத ஏன் கிளறிகினு கீற?" நான் தண்ணி எடுத்தாறேன்னு கெணத்துப் பக்கம் திரும்புனேன், அதுக்குள்ள ஒரு காத்து, ஒரு நாரு பறந்துபோய் சோகைல விழுந்துச்சு.

அப்பறம் நடந்தது மொத்தமே பத்து நிமிஷம்தான் இருக்கும். மோட்டார் போடலாம்னா த்ரீ ஃபேஸ் கரண்ட் இல்ல. புங்கங்கெளைய ஒடிச்சு நாலு பேரு அடிச்சோம், அடிக்க அடிக்க பக்கத்துல பத்திக்குது, சோகை எரியற சத்தம் மழை கொட்ற மாதிரி கேக்கும், அது கேட்டவங்களுக்குத்தான் தெரியும். வண்டிப்பாதைகிட்ட வந்து நின்னுச்சு, நல்லவேளை மலைப்பக்கம் போகல. பக்கத்துக் கொல்லிக்காரரோட மாட்டுக்கொட்டாவுல முன்பக்க ஓலை போயிடுச்சு, மாட்ட அவுத்துட்டோம். மாமா ரெண்டு நாளு சரியா சாப்டல. கூரைக்கு காசு குடுத்தாரு, ஆனா நான் பாத்தது காசு இல்ல, அறுபது வருஷம் நெருப்போட பழகுன மனுஷன் தான் பண்ணதையே நம்ப முடியாம நின்னத.

அவரு பண்ண தப்பு மண்ணப் போட்டு மூடுனது. நெருப்புமேல மண்ண போட்டா அது அணையாது, போர்வை போத்துன மாதிரி சூட்ட உள்ள வெச்சுக்கும், கொஞ்சம் கொஞ்சமா காத்து போறதே அதுக்கு போதும். தண்ணி ஊத்தணும், ஊத்திட்டு குச்சியால நல்லா கிளறணும், திரும்ப ஊத்தணும், சுர்ருனு சத்தம் நிக்கற வரைக்கும். அப்பறம் பொறங்கைய கிட்ட கொண்டுபோய் பாக்கணும், சூடு தெரிஞ்சா இன்னும் ஊத்தணும். கையால தொட முடியாத சாம்பல விட்டுட்டு ஒருத்தரும் நகரக்கூடாது. தேங்கா மட்டை, மரத்தூள், எரு, இதுங்க பொகையாம நாள் முழுக்க கனிஞ்சிட்டே இருக்கும், இதுங்கள தீ சீசன்ல கொளுத்தவே வேணாம்னுதான் சொல்வேன்.

கரும்பு சோகைய பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா அம்முண்டி சர்க்கரை ஆலைக்கு வெட்டறவங்க நெறைய பேரு கட்டைக்கரும்பு, அதாவது வெட்டுன அடிக்கட்டைலருந்து திரும்ப வளர்ற கரும்பு, விடறதுக்காக அப்படியே கொளுத்திடறாங்க. ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய 4 டன் சோகை கெடைக்கும். கொளுத்துனா அதுல இருக்கற தழைச்சத்து பூரா பொகையா போயிடும், மேல் மண்ணுல இருக்கற புழு பூச்சி நுண்ணுயிரும் சாகும். ஒரு சால் விட்டு ஒரு சால்ல பரப்பி விட்டீங்கன்னா களையும் வராது, தண்ணியும் காயாது, ஆறு மாசத்துல மக்கி உரமாயிடும். எங்க மாமா அந்த வருஷத்துலருந்து அப்படித்தான் பண்றாரு, கூலி கூடுதலாத்தான் ஆகுது, அத மறைக்க வேண்டியதில்ல, ஆனா ரெண்டு தண்ணி மிச்சமாகுதுன்னு அவரே சொல்றாரு.

டவுன்ல இருக்கறவங்களுக்கு இது வேற மாதிரி. குப்பை கொளுத்தறதுக்கு சீசனே கெடையாது, வருஷம் பூரா தடைதான். 2016 டிசம்பர் 22-ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்க வெட்டவெளில குப்பை கொளுத்தக்கூடாதுன்னு உத்தரவு போட்டாங்க, சாதாரணமா கொளுத்துனா 5000 ரூபா, மொத்தமா பெரிய அளவுல கொளுத்துனா 25,000 ரூபா. வீட்டு முன்னாடி பெருக்கி குவிச்சு கொளுத்தற சருகும் குப்பைதான், அதுல கூட ஒரு பால் கவர் சேந்துச்சுன்னா வர்ற பொகை நம்ம வீட்டுக் கொழந்த மூக்குலதான் போகுது. போகி அன்னிக்கு டயர் பிளாஸ்டிக் வேணாம்னு மாசு கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் கேக்கறதுக்கும் காரணம் உண்டு, மார்கழி விடியக்காலைல தரையோரமா குளிர்ந்த காத்து மூடி போட்ட மாதிரி நிக்கும், பொகை மேல ஏறாம நம்ம கூடயே இருக்கும்.

நம்ம பக்கத்துக்குன்னே ஒரு பிரச்சனை இருக்கு, தோல் துண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டைன்னு தோல் வேலை நடக்கற ஊர்ல கட் பண்ண துண்டு, சீவுன தூள்லாம் ரோட்டோரத்துலயோ ஏரிக்கரைலயோ யாரோ கொட்டிட்டுப் போவாங்க, குளிருக்கு காயறதுக்கோ எடத்த காலி பண்றதுக்கோ யாரோ அத கொளுத்துவாங்க. குரோம் போட்டு பதப்படுத்துன தோல்ல இருக்கற குரோமியம் சாதாரணமா அவ்ளோ ஆபத்தில்லாத வகை, மூணு இணைதிறன்னு கெமிஸ்ட்ரில சொல்வாங்க. எரிச்சா அதுல ஒரு பகுதி ஆறு இணைதிறன் குரோமியமா மாறும், அது புத்துநோய் உண்டாக்கறது. அந்த சாம்பல் மழைல ஏரிக்குப் போகும். அடுப்புக்குள்ளகூட, வெந்நி போடகூட தோல் துண்ட போடாதீங்க, இத கையெடுத்து கும்பிட்டு கேக்கறேன்.

இவ்ளோ சொன்னதுக்கப்பறம், நெருப்பே மூட்டக்கூடாதான்னா, அப்படி இல்ல. நெருப்ப எப்படி வெச்சுக்கணும்னு நம்ம ஊருக்கு நல்லாவே தெரியும். திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்தம், அதாவது தீமிதி, எப்ப நடக்குது, நெறைய ஊர்ல நல்ல சித்திரை வெயில்லதான். ஆனா எப்படி நடக்குதுன்னு பாருங்க, ஊருக்கு பொதுவான வெட்டவெளி, சுத்தி புல்லு செதுக்கி மண்ணு தெரியற தரை, தோண்டுன குழி, பக்கத்துல கொடம் கொடமா தண்ணி, ராத்திரி பூரா கண்ணு கொட்டாம பாத்துக்க ஆளு, நெறைய எடத்துல ஃபயர் சர்வீஸ் வண்டியும் வந்து நிக்கும். ஏலகிரி ரிசார்ட்ல இருபது பேரு சுத்தி உக்காந்து பாட்டு போட்டு ஆடற கேம்ப் ஃபயர்ல இதுல பாதியாச்சும் இருக்கணும். நெருப்ப சுத்தி பத்தடிக்கு சருகோ புல்லோ இல்லாத தரை, மேல கெளை தொங்கக்கூடாது, முட்டி உயரத்துக்கு மேல சுவாலை வேணாம், ரெண்டு பக்கெட் தண்ணி பக்கத்துலயே, தூங்கப் போறதுக்கு அரை மணி முன்னாடியே அணைச்சுடணும். காத்து அடிச்சா மூட்டவே வேணாம். ரிசார்ட்காரர் பரவால்ல சார் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்வாரு, அவரு சொன்னதால காத்து நிக்காது.

சித்தி பையனுக்கு நான் சொல்றது இதுதான், கார்த்திகைல போறியா, பட்டா எடமா, ஓனர் சரின்னாரா, போட்டுக்கோ. மாசிக்கப்பறம் போறியா, நெருப்பு வேணாம், ஒரு பெரிய பிளாஸ்க்ல டீ வாங்கிட்டுப் போ. போன வருஷம் பங்குனில போனவன் ராத்திரி போன் பண்ணி அண்ணா இவ்ளோ நட்சத்திரம் நான் பாத்ததே இல்லன்னான். அந்த மலைலதான காவலூர் அப்சர்வேட்டரி இருக்கு, 234 சென்டிமீட்டர் கண்ணாடி டெலஸ்கோப்ப அங்க போய் வெச்சதே அந்த இருட்டுக்குத்தான். நெருப்பு பக்கத்துல இருந்தா கண்ணு வெளிச்சத்துக்கு பழகிடும், வானம் கருப்பாதான் தெரியும்.

மலைல யாரு தீ வெக்கறாங்கங்கறதயும் சொல்லணும். தானா பத்திக்குதுன்னு சொல்றது நம்ம பக்கத்துல நடக்கறதே அபூர்வம், பெரும்பாலும் மனுஷன் வெக்கறதுதான். பீடி, தேன் எடுக்கற பந்தம், பௌர்ணமிக்கு மலையேறி போற வழில ஏத்தற கற்பூரம், அப்பறம் கொளுத்துனா புதுப்புல்லு வரும்னு ஆடு மாட்டுக்காக வெக்கறது. புதுப்புல்லு வரும், அது உண்மைதான். ஆனா அடுத்தடுத்த வருஷம் எரிஞ்சா செடியா இருக்கற மரக்கன்னுங்க சாகும், மழை வந்தா மூடாக்கு இல்லாத மேல் மண்ணு அடிச்சிட்டுப் போய் கீழ ஏரிய தூத்துடும், அப்பறம் ஏரில தண்ணி நிக்கலன்னு நம்மதான் புலம்புவோம்.

மலைல பொகை பாத்தா யாராச்சும் சொல்லியிருப்பாங்கன்னு விட்டுடாதீங்க. டேராடூன்ல இருக்கற ஃபாரஸ்ட் சர்வே ஆஃப் இந்தியா சாட்டிலைட்ல பாத்து வனத்துறைக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பறாங்க, ஆனா சாட்டிலைட் ஒரு நாளைக்கு சில தடவதான் நம்ம தலைக்கு மேல போகும், அதுக்கு தெரியற ஒரு புள்ளியே 375 மீட்டர். உங்க கண்ணு அதவிட சீக்கிரம் பாக்கும். 101-க்கோ 112-க்கோ போன் பண்ணுங்க. மேல மாட்டிக்கிட்டீங்கன்னா உச்சிய பாத்து ஓடாதீங்க, நெருப்புக்கு பக்கவாட்டுல எறங்குங்க, பாறையோ ஏற்கனவே எரிஞ்சு கருகுன எடமோ இருந்தா அங்க போயிடுங்க, நைலான் துணிய கழட்டிடுங்க. போன்ல சொல்லும்போது மலைல தீன்னு மட்டும் சொன்னா அவங்களுக்கு ஒண்ணும் புரியாது, எந்த ஊரு, எந்தப் பக்கத்து சரிவு, பக்கத்துல என்ன கோயில் என்ன ஏரி, வண்டி எதுவரைக்கும் வரும்னு சொல்லுங்க, சொல்லிட்டு உங்கள்ல ஒருத்தர் ரோட்டுக்கு எறங்கி வந்து வழி காட்ட நில்லுங்க.